சிவப்பு வந்தவள்

இசக்கியம்மாளின் தலையில் கவிழ்த்திருந்த வடுநோக்கிக் கருவி முனகலை நிறுத்தியது. மேசைமேல் இருந்த விளக்கு சிவந்தது.

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். காயல்கரைப் பல்கலைக்கழகத்தின் பின்னணிச் சரிபார்ப்புப் பிரிவுக்கு அவள்தான் அலுவலர். ஜூன் பிறந்தால் பேராசிரியர் முதல் விடுதிச் சமையல்காரர் வரை எல்லோரும் இந்த அறைக்கு வந்து தலையைக் கொடுத்தாக வேண்டும். படித்துக்கொண்டே வளாகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்களுக்கும் விலக்கில்லை. காவல் நிலையச் சான்றிதழை நம்பிய காலம் போய்விட்டது. அதில் பிடிபட்டவனின் பெயர்தான் இருக்கும். வடுநோக்கி பிடிபடாதவனையும் காட்டிக்கொடுத்தது. மனதில் கூசிக் கூசி ஒன்றை மூடிவைத்தால் மூளையில் அந்த இடம் ஆறாத வடுவாகிவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். வடு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. அது என்ன காரியத்தின் வடு என்று கருவிக்குத் தெரியாது. அதைச் சிவப்பு வந்தவர்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

சொல்ல வைப்பதில் பிலோமினா கெட்டிக்காரி. ஆளை இடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போன பேருந்து ஓட்டுநர் இதே நாற்காலியில்தான் அழுதார். விடுதி அரிசியை விற்றுக்கொண்டிருந்த காப்பாளரும் இங்கேதான் ஒப்புக்கொண்டார். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

“போன வருஷம் உனக்கு வெள்ளை வந்திருக்கு,” என்றாள். “கடற்பாசி ஆய்வகத்துல உதவியாளாச் சேர்ந்தப்ப. நடுவுல என்னம்மா செஞ்ச?”

இசக்கி முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஆய்வக வேலையை விட்டுவிட்டு, வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள்.

“ஒண்ணும் செய்யல மேடம்.”

“செய்யாமச் சிவக்காது. ஆய்வகத்துல இருந்து எதையாவது எடுத்தியா?”

“இல்ல.”

“பரீட்சைல?”

இசக்கி தலையை மட்டும் அசைத்தாள்.

“பச்சப் பிள்ளைங்க இருக்கற இடத்துக்கு வேலைக்குப் போகணும்னு கேக்குத. உன்ன எப்படி நம்பி விடச் சொல்லுத? நீ சொல்லாம இந்த ரூமை விட்டுப் போக முடியாது.”

இசக்கி துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் செய்யல மேடம். எனக்குத்தான் செஞ்சாங்க.”

பிலோமினாவுக்கு முதலில் புரியவில்லை.

“சிவசைலம் சார். பாசி உலர்த்துத ரூம்ல. கதவச் சாத்திட்டு...” அதற்குமேல் அவள் சொன்னது துண்டு துண்டாக வந்தது. ஆனாலும் பிலோமினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “யார்ட்டயும் சொல்லல. எங்கம்மாட்ட கூட. இந்த மெஷினு இதப் போயி காட்டும்னு எனக்குத் தெரியாது.”

பிலோமினா எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இவ்வளவு நேரம் தான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகக் காதில் திரும்ப ஒலித்தன.

பிலோமினா போய்ச் சொன்னதைப் பதிவாளர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். பிறகு நியாயமான ஒரு காரியத்தைச் செய்வதுபோலப் பேராசிரியர் சிவசைலத்தை வரவழைத்து, பிலோமினாவின் கண்முன்னாலேயே மறுபடி சோதிக்கச் சொன்னார். சிவசைலம் கோபப்படவில்லை. கருவியைத் தானே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “உங்க பையனுக்குக் காலேஜ் கவுன்சிலிங் முடிஞ்சுதாம்மா?” என்று பிலோமினாவிடம் விசாரித்தார்.

வெள்ளை. பச்சைக் குழந்தைக்குக்கூட வராத வெள்ளை.

அவர் போனபின் பதிவாளர் சொன்னார்: “அவருக்கு வெள்ளை. அந்தப் பொண்ணுக்குச் சிவப்பு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?”

அந்தக் கணத்தில் பிலோமினாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கூச்சம் இருந்தால்தானே வடு விழும்? கூசாதவனிடம் இந்தக் கருவி எதைப் பார்க்கும்? வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், இத்தனை வருடம் இந்த அறையில் அவள் வெள்ளை என்று அனுப்பிவைத்த ஒவ்வொருவரையும் பற்றிக் கேள்வி எழும். சிவப்பு என்று வெளியேற்றியவர்களைப் பற்றியும் எழும். அவர்களில் எத்தனை பேரை அவள் திருடி என்றும் பொய்க்காரி என்றும் எழுதியிருக்கிறாள்?

“கருவி சொல்லுதது சரியாத்தான் சார் இருக்கும்,” என்றாள்.

‘விளக்கம் ஏற்கப்படவில்லை’ என்ற முடிவின் கீழே கையெழுத்தும் போட்டாள். இசக்கிக்குக் காப்பக வேலை கிடைக்கவில்லை. பேராசிரியர்மேல் பொய்ப்புகார் சொன்னவள் என்ற பேச்சு விடுதி வரைக்கும் போயிற்று. பருவத் தேர்வுக்கு முன்பே அவள் உடன்குடிக்குத் திரும்பிவிட்டதாகப் பிலோமினா கேள்விப்பட்டாள். அன்று மதியம் கொண்டுவந்த சோற்றை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அடுத்த ஜூனில் சோதனைக்குப் பிலோமினாவின் முறை வந்தது. உதவியாளப் பெண் வடுநோக்கியைக் கவிழ்த்தாள். விளக்கு சிவந்தது.

“மேடம், மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு வாட்டி பாப்போமா?”

“வேண்டாம்மா. சரியாத்தான் இருக்கு.”

சிவப்பு வந்த அலுவலரை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் விசாரிக்க முடியாது. அதற்கென்று ஒரு தூய்மைக் குழு உண்டு. தொடர்ந்து வெள்ளை வந்தவர்களில் மூத்தவரே அதற்குத் தலைவர். அந்த விதியை எழுதியவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. குழு அறைக் கதவைத் திறந்தபோது சிவசைலம் எழுந்து நின்று வரவேற்றார்.

“உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. யாருக்கும் வரத்தானே செய்யும்.” குரலில் உண்மையான பரிவு இருந்தது. “மனசுல எதையும் வச்சிக்கிடாமச் சொல்லிருங்க. என்ன செஞ்சீங்க?”

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “போன வருஷம் ஒரு பொண்ணு எங்கிட்ட உண்மையச் சொன்னா. நீங்க அவள என்ன செஞ்சீங்கன்னு சொன்னா. உண்மைன்னு தெரிஞ்சும், பொய்னு கையெழுத்துப் போட்டேன். அதான் சார் என் குத்தம்.”

அவர் முகம் கறுக்கும், இல்லையென்றால் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் முகம் தெளிந்தது.

“அவ்வளவுதானா? நானும் என்னமோன்னு நினைச்சேன்.” பேனாவைத் திறந்தார். “அந்தப் பொண்ணு விஷயம் போன வருஷமே விசாரிச்சு முடிச்சாச்சு. அவ சொன்னது பொய். அப்ப நீங்க கையெழுத்துப் போட்டது சரியான காரியம். சரியானதச் செஞ்சுட்டு எதுக்கும்மா இப்படிக் கெடந்து வருத்தப்படுதீங்க?”

எழுதியதைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ‘விளக்கம் ஏற்கப்பட்டது. குற்றம் எதுவும் இல்லை.’

“கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழமை வேலைக்கு வந்துருங்க.”

அவள் அவர் கண்களில் தேடினாள். பயம் இல்லை, வன்மம் இல்லை. அவளை மிரட்டவும் இல்லை. அவளுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அவளை மன்னிக்கும் அதிகாரம் உள்ள ஒரே மனிதராக அவரைத் தானே உட்கார வைத்திருப்பது அவளுக்கு உறைத்தது. அவர் கொடுக்கும் மன்னிப்பை வாங்கிக்கொண்டால் இசக்கிக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாவது முறையும் எழுதிக்கொடுத்ததாகும்.

“எனக்குச் சிவப்பே இருக்கட்டும் சார்,” என்று எழுந்தாள்.

“வேலை போயிரும்மா. சிவப்பு வந்தவளுக்கு வேற எங்கயும் வேலை தர மாட்டாங்க. யோசிங்க.”

“தெரியும் சார். நான் வெளிய அனுப்புனவங்களுக்கும் யாரும் தரல.”

மறுநாள் காலை உடன்குடிப் பேருந்தில் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். இசக்கியே கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. இசக்கி இளைத்திருந்தாள்.

“எனக்கும் சிவந்துட்டும்மா,” என்றாள் பிலோமினா. சொன்ன பிறகுதான், அதை ஒரு தகுதியைப்போலச் சொல்லிவிட்டது தெரிந்து கூசினாள்.

“அதச் சொல்லத்தான் வந்தீங்களா மேடம்?”

“இல்ல. போலீஸ்ல, கோர்ட்ல எங்க வேணும்னாலும், நீ உண்மை சொன்ன, நான்தான் மறைச்சேன்னு வந்து சொல்லுதேன். உனக்குச் சம்மதம்னா.”

“அங்கயும் அந்த மெஷின வச்சிட்டாங்களாமே. எனக்கு இப்பமும் சிவப்புதான் வரும். உங்களுக்கும் அப்படித்தான். அந்தாளுக்கு வெள்ளை வரும். யாரு நம்புவா?”

காயல்கரையில் கருவி எவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறது என்று காவல்துறைக்கு அறிக்கை எழுதி அனுப்பியவளே அவள்தான். அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு வெயிலில் நின்றாள்.

இசக்கி கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். போங்கள் என்று சொல்லவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை.