குதிரைக் கழுத்துக் கோடு

"மன்னிப்புக் கேக்கணுமாம்! யாரு? நானு!" என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார்.

பழைய நாணயங்கள் விற்கும் கடை வைத்திருப்பவர். நாணயக்கடை அக்கா என்றால் தெருவில் தெரியாதவர் இல்லை. துப்பறிவாளர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருகிற மனிதர் அவர். அதனால் எல்லோரும் அவரை நிதானம் என்றே கூப்பிட்டார்கள். எப்போதும் கூடவே திரியும் அவருடைய மைத்துனருக்கு அவசரம் என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்கக்கா" என்றார் நிதானம்.

"நாணயச் சங்கத்துக் கண்காட்சிக்கு என் வெள்ளிக் காசு ஒண்ணைக் குடுத்தேன் சார். குதிரை போட்ட காசு. அது எங்கேயும் கிடைக்கும். ஆனா என்னோடதுல குதிரை கழுத்துலேருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு ஓடும். அந்தக் காலத்துல காசு அடிக்கிற அச்சு தேஞ்சு, கடிவாளம் மங்கிப்போச்சு. புது அச்சு பண்ண யாருக்குப் பொறுமை? இருக்கிற அச்சிலேயே சின்ன உளியை வெச்சுக் கையால திரும்ப வெட்டியிருக்காங்க. உளி வழுக்கி அச்சுல ஒரு கோடு விழுந்திடுச்சு. அந்த அச்சுல அடிச்ச காசு இப்ப ஒண்ணு ரெண்டுதான் மிச்சம்."

"சரி, இப்ப என்ன சிக்கல்?"

"அந்தக் கோட்டை நானே ஊசியால கீறி ஏமாத்திட்டேனாம்! மன்னிப்புக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம விடுவாங்களாம். போடலேன்னா இன்னிக்குக் கூட்டத்துல பேரை வாசிச்சு வெளியே தள்ளுவாங்களாம். பேரு கெட்டா என் கடைப் படி எவன் ஏறுவான்? ஆனாலும் போட மாட்டேன் சார். கடையைப் பூட்டிட்டுப் பட்டினி கிடந்தாலும் கிடப்பேன். செய்யாத தப்புக்கு இந்தக் கை கையெழுத்துப் போடாது!"

அவசரத்துக்கு ரத்தம் கொதித்தது. ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே வாசலுக்குப் போய்விட்டார். "கிளம்புங்க மாமா!"

மூவரும் போய்ச் சேர்ந்தபோது சங்கத்தின் அலுவலக அறையில் தலைவரும் செயலாளரும் இருந்தார்கள். அடுத்த கூடத்தில் உறுப்பினர்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. சுவரில் கண்காட்சிச் சுவரொட்டி. அதன் நடுவே அக்காவின் காசு, தட்டு அளவுக்குப் பெரிதாக்கப்பட்ட புகைப்படமாக.

"காசு எங்க கைக்கு வந்த அன்னிக்கே லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். அருமையான காசுன்னுதான் நெனச்சேன்" என்றார் தலைவர். "நேத்து நம்ம செயலாளர்தான் கண்டுபிடிச்சார், கீறல்னு."

"அதுக்கப்புறம் நீங்க பார்த்தீங்களா?"

"எதுக்கு? அவர் சொன்னாப் போதும்."

செயலாளர் அடக்கமாகச் சிரித்தார். "காசு வந்த அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் சார். இவங்க முன்னாடியே அனுப்பின போட்டோவை வெச்சுச் சுவரொட்டி அடிச்சது மட்டும்தான் நான். காசைக் கையில எடுத்ததே நேத்துதான். எடுத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

காசு இருந்த பெட்டியின் சாவி தலைவர், செயலாளர் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தது. தலைவர் பெட்டியைத் திறந்து காசை நீட்டினார். அவசரம் முந்திக்கொண்டு அதை வாங்கி, கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார். நகம் இறங்கி மாட்டியது. அவர் முகம் விழுந்துவிட்டது. இந்த அக்காவுக்காகவா இவ்வளவு துள்ளினோம்!

"மாமா, கோடு பள்ளமா இருக்கு. கீறினதுதான்."

"பள்ளமா?" அக்கா காசைப் பிடுங்கிப் பார்த்தார். "அட பாவிகளா! இது என் காசே இல்ல!"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான்" என்றார் செயலாளர்.

நிதானம் சுவரொட்டியின் முன்னால் போய் நின்றார். "மச்சான், குதிரை வயித்து நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"கீழ்ப்பக்கம்."

"கோட்டோட நிழல்?"

"அதுவும்... கீழ்ப்பக்கம்தான் மாமா."

"அப்ப விளக்கு மேலே இருந்திருக்கு. குதிரை மாதிரியே கோடும் மேடா இருந்திருக்கு. பள்ளமா இருந்தா நிழல் மேல் ஓரத்துல விழுந்திருக்கும். செருப்பு அடியில ஒரு வெட்டு இருந்தா, ஈர மண்ணுல அது மேடாத்தானே பதியும்? அதே மாதிரி, அச்சுல உளி வழுக்கினா காசுல கோடு மேலே எழும்பும். காசையே கீறினாத்தான் பள்ளம். அக்கா குடுத்தது வேற, இந்தப் பெட்டியில இருக்கிறது வேற."

தலைவர் லென்ஸைத் தேடி எடுத்தார். அக்காவிடமிருந்து காசை வாங்கினார். பார்த்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்ப தலைவர்தான் மாத்தியிருக்கணும்!" என்றார் செயலாளர். "அவர்கிட்டயும் சாவி இருக்கே."

"அவர் நெசக் காசை லென்ஸ்ல பார்த்தவர். மேட்டைப் பார்த்தவர் பள்ளம் கீற மாட்டார். இதைக் கீறினவன் அந்தக் கோட்டைப் போட்டோவுல மட்டும் பார்த்தவன். நிழலைக் கவனிக்காதவனுக்குப் போட்டோவுல மேடும் பள்ளமும் வெறும் கோடுதான். சாதாரணக் குதிரைக் காசுல முன்கூட்டியே கீறி வெச்சுக்கிட்டு, நேத்துப் பெட்டியைத் திறந்து மாத்தியிருக்கான். நெசக் காசு கைக்கு வந்த பிறகுதான் தப்பு புரிஞ்சிருக்கு. திருப்பி வெச்சிருக்கலாம், ஆசை விடலை. கண்காட்சியில தலைவர் கண்ணுல பட்டா மாட்டிப்பான். அதனால திருடனே முந்திக்கிட்டு 'திருடி, திருடி'ன்னு கத்திட்டான்." நிதானம் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து முதல்ல கத்தினது யாரு சார்?"

செயலாளர் கதவுப் பக்கம் நகர்ந்தார். அவசரம் கதவில் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டார். "பையை நீங்களே காலி பண்றீங்களா, போலீஸ் வந்து பண்ணட்டுமா?"

சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து காசு மேசைக்கு வந்தது. அக்கா அதை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். கோடு விரலில் தட்டியது. அவர் கண் கலங்கியது, அழவில்லை.

தலைவர் எழுந்து கதவை ஒட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, காசு கிடைச்சிடுச்சு. உங்க பேர்ல இருந்த புகாரும் போச்சு. இவரை நான் விலக்கிடறேன். விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும். சங்கத்துக்கும் மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உங்க சங்கத்துக்கு இருக்கிறதுதான் மானமா? என்னைத் திருடின்னு கூட்டத்துல ஊரறிய வாசிக்க இருந்தீங்க. இல்லைன்னு சொல்றது மட்டும் காதோட காதா இருக்கணுமா?"

"கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமைக்கு இவர் இருக்கார்" என்று அக்கா நிதானத்தைக் காட்டினார். "நான் என் கடையில காசை மட்டும் விக்கலை, என் பேச்சையும் சேத்துத்தான் விக்கிறேன். தள்ளிக்கோங்க."

நிதானம் தடுக்கவில்லை. அவசரம் கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"யாரும் எந்திரிக்காதீங்க" என்றார் அக்கா. "உங்க சங்கத்துல ஒரு திருடன் இருக்கான். அவன் சொன்னதைக் கேட்டுக் காசைப் பாக்காமலே என்னைத் திருடியாக்கின தலைவரும் இருக்கார். இப்ப ரெண்டு பேரும் வெளியே வருவாங்க. நல்லாப் பாத்துக்கோங்க."