சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்

வியாழக்கிழமை ஹில்டே ஊரிலேயே இல்லை. அப்படியிருக்க, அன்று மதியம் அவளிடம் வந்துபோனதாக எவனோ விமர்சனம் எழுதி, ஐந்துக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தான்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பதினோரு வருஷமாகக் காசுக்கு ஆண்களைச் சந்திப்பவளுக்குப் பொய் விமர்சனம் புதிதல்ல. வெட்டிப்பயல்கள் விளம்பரத்தைப் பார்த்து அதையே திருப்பி எழுதுவார்கள். இவனோ குளியலறைக் குழாயை எதிர்ப்பக்கமாகத் திருப்பினால்தான் வெந்நீர் வரும் என்று எழுதியிருந்தான். கூடவே, ‘பேசவே மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது.’

அதைப் படித்ததும் பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நைசாகக் கழன்றுகொண்டார்கள். புதிதாக மூன்று பேர், ‘அதேபோல் அசையாமல் இருப்பாயா?’ என்று கேட்டிருந்தார்கள். நல்லவர்கள் போய் இந்த மாதிரி ஆட்கள்தான் மிஞ்சுவார்கள் என்றால், அவள் எப்படிப் பிழைப்பது?

ஊரிலிருந்து திரும்பியவள் பையைக் கீழே வைத்தாள். மழையில் நனைந்த மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், அவள் விளம்பரம் போடும் இணையதளத்தில் விமர்சனங்களைச் சரிபார்க்கும் வவுட்டரைப் போனில் அழைத்தாள்.

“வியாழக்கிழமை நான் ஆஸ்டெண்ட்ல அக்கா வீட்ல இருந்தேன்டா. அதை எடுத்துடு.”

“கோச்சுக்காதீங்க ஹில்டே. குழாய் விஷயம் நெஜம்தானே?”

“நெஜம்தான். அதுக்கு?”

“உங்க விளம்பரப் படத்துல இல்லாததை எழுதியிருந்தா, வந்துபோனவன்னு அர்த்தம். அதை எடுக்க முடியாது. எங்க ரூல் அதுதான்.”

“உன் ரூல்ல இடி விழ! நான் வீட்லயே இல்லைங்கறேன், நீ குழாயைப் பிடிச்சுத் தொங்கற!”

“பிடிக்காத விமர்சனம் வந்தா எல்லாரும் ஊர்ல இல்லைன்னுதான் சொல்றாங்க.”

ஹில்டேவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவனிடம் சொன்னதற்குச் சுவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

“டேய்... அப்போ எவனோ உள்ள வந்திருக்கான்டா.”

மாலை ஐந்து மணிக்கே நவம்பர் இருட்டு ஜன்னலில் அப்பியிருந்தது. ஹீட்டர் டிக், டிக் என்று சூடேற, அவள் எப்போதும் ஏற்றிவைக்கும் வனிலா மெழுகுவத்தி வாசனைக்கு அடியில், ரொம்ப நாள் மூடிவைத்த துணி போல் ஒரு புழுங்கல் நாற்றம் பின்னறைப் பக்கமிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. மெழுகுவத்தியை அவள் இன்னும் ஏற்றவில்லை.

“ஹில்டே, அவனே இன்னொண்ணு போட்டிருக்கான். இப்பத்தான்.”

“படி.”

“வேணாமே...”

“படிடா!”

வவுட்டரின் குரல் இறங்கிவிட்டது. “‘இன்னைக்கு முன்னறையில ஒருத்தி போன்ல கத்திக்கிட்டிருக்கா. கோட்டைக்கூடக் கழட்டலை. உள்ள இருக்கறவதான் சமத்து.’ ஹில்டே, வெளிய போங்க. உடனே வெளிய போங்க!”

வாசல் கதவு ஐந்தடி தூரம். கால் நகரவில்லை.

பின்னறைக் கதவு திறந்தது. சத்தமே இல்லை. ஒரு சாண். இரண்டு சாண்.

உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம். கட்டில். அவளுடைய பட்டு அங்கி. அவளுடைய கூந்தல். சுவரைப் பார்த்த முதுகு.

அந்தப் பெண் திரும்பவில்லை. இன்னொருத்திக்கு இடம் விட்டு, சுவரோடு ஒட்டி நகர்ந்து படுத்தாள்.