ஒன்பதில் ஐந்து பொய்!

ட்ரிங்... ட்ரிங்...

பூந்தமல்லி. குழந்தைகள் ஐ.சி.யூ. பகல் மணி பதினொன்று.

நர்ஸ் ஜீவா போனை எடுத்தாள்.

"வர்ஷாவுக்கு ஸ்கோர் போட்டாச்சா?" டாக்டர் பார்த்தசாரதி.

"ஒன்பது சார்... காலையில நாலுதான்!"

ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு மார்க். இங்கே மார்க் ஏறினால் உயிர் இறங்கும்!

"ரெண்டு கண்மணியும் விரிஞ்சிருக்கு. டார்ச் அடிச்சாலும் சுருங்கல. அதுக்கே அஞ்சு."

"அப்ப மூளை போச்சு. அவ சித்தப்பா, பொண்ணை வீட்டுக்கே கொண்டுபோறேங்கறார். மூச்சு ட்யூபை எடுத்துடு."

ஜீவா மூன்றாம் முறை கூட்டினாள். தன் கணக்குதான் தப்போ?

இல்லை! ரத்த அழுத்தம்... சிறுநீரகம்... எல்லாம் காலையில் இருந்த அதே எண்கள். கண் மட்டும் தனியாகச் சாகுமா?

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"என்னை வேலையை விட்டே தூக்குங்க. ட்யூபைத் தொட மாட்டேன்! கண்மணியைச் சுருக்குற சொட்டு மருந்து இருக்குல்ல? அதை விட்டுப் பாத்துடலாம். வாங்க!"

வாசலில் சித்தப்பா ஜெகதீசன் எகிறினான்.

"இன்னா சிஸ்டர், பேஜார் பண்றே? மொட்டை மாடிலேர்ந்து வுழுந்த புள்ள... நிம்மதியா உட்டுடு!"

தரையில் சுருண்டிருந்த அம்மா சுதா நிமிர்ந்தாள்.

"நீ சும்மா இரு. என் பொண்ணு... டெஸ்ட் பண்ணட்டும்!"

டாக்டர் வந்தார். மருந்து சொட்டியது.

முக்கால் மணி நேரம்.

டார்ச்...

கண்மணி அசையவே இல்லை!

"பாத்தியா? சுருங்கல!" ஜெகதீசன் குதித்தான். "மூளை காலி!"

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

"சுருங்கியிருந்தாதான்யா மூளை காலி."

"இன்னாது?!"

"மூளை கெட்டு விரிஞ்ச கண்மணி இந்த மருந்துக்குச் சுருங்கிடும். சுருங்கலைன்னா... எவனோ முன்னாடியே விரிக்கிற மருந்தை விட்டிருக்கான்!"

"பத்து மணிக்குக் கண்ணு நல்லாதான் இருந்துச்சு," என்றாள் ஜீவா. "அப்புறம் உள்ள வந்தவர் நீங்க ஒருத்தர்தான். எங்க வேலை பாக்குறீங்க?"

ஜெகதீசன் பின்னால் நகர்ந்தான்.

சுதாதான் சொன்னாள். "கண் டாக்டர்கிட்ட... கரையான்சாவடியில. வர்றவங்களுக்கெல்லாம் மருந்து விடறது இவன்தான்!"

ஓடினான்!

லிஃப்ட் வாசலில் செக்யூரிட்டி தேவராஜ் அமுக்கினார். சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டில் உருண்டது.

"அண்ணி நகையை நான் எடுக்கறப்போ புள்ள பாத்துட்டா... தள்ளிட்டேன்... கண்ணு முழிச்சா சொல்லிடுவாளே..."

தேவராஜ் அவன் கையை முறுக்கினார்.

"அவனவன் கண்ணுல மண்ணைத் தூவுவான். நீ சொட்டு மருந்தே உட்டுகினு கீறியே, மாமே!"