ஐஸ் பெக்டரிக்காரனும் ஆறு சார்ஜர்களும்

"இஞ்ச ஆரு எஞ்சினியர்?"

கேட்டவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். கையில் குடை இருந்தது. ஆனால் விரிக்கவில்லை. கோபத்தில் ஓடி வருகிறவனுக்குக் குடை விரிக்க எங்கே ஞாபகம் வரப்போகிறது...

"நான்தான்," என்றாள் மேனுகா, திறந்திருந்த மின்பெட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

நாவற்குடாவில், வாவிக்கரை ஓரமாக, அவளுடைய மாமா கனகசிங்கம் ஓட்டோக்களுக்கென்று புதிதாகச் சார்ஜ் நிலையம் போட்டிருந்தார். கொழும்புக் கொம்பனியிலிருந்து அதைச் சரிபண்ணிக் கொடுக்க வந்தவள் மேனுகா. அவள் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலை அது. பக்கத்து வளவில் ஐஸ் பெக்டரி. இரண்டு இடத்துக்கும் ஒரே ட்ரான்ஸ்போமர்தான். வயரில் ஓடும் கறண்டை அளக்கிற வளையம் ஒன்றை மாட்டுவதற்காக அவள் சற்றுமுன் கறண்டை நிறுத்தியிருந்தாள். ஐஸ் பெக்டரிக்குச் சொல்லிவிடும்படி மாமாவிடம் சொன்னது உண்மை. மாமா சொல்ல மறந்ததும் உண்மை.

வந்தவன் பிரட்லி, பெக்டரிக்காரன். தாங்கியில் ஐஸ் பாதி உறைந்தபடி கிடக்கிறது, வாகரைக்கு மீன் ஏற்றப்போகிற லொறி வாசலில் நிற்கிறது, கேட்காமல் பேசாமல் இப்படிச் செய்யலாமா என்று பொரிந்து தள்ளினான். மேனுகாவும் விடவில்லை. மாமாவிடம் சொல்லித்தான் நிறுத்தினது, அவர் வந்து சொல்லவில்லையென்றால் அவள் என்ன செய்ய...

அந்த நேரம் பார்த்து மழை இன்னும் பலத்தது. திறந்த பெட்டிக்குள் தூவானம் அடித்தது. பிரட்லி திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே குடையை விரித்துப் பெட்டிக்கு மேல் பிடித்தான். கவனியுங்கள், பெட்டிக்கு. அவளுக்கு அல்ல.

மேனுகா நிமிர்ந்து பார்த்தாள். தேன் நிறக் கண்கள். இமையெல்லாம் மழைத்துளி. ஒரு மனிசன் இப்படிக் கோபமாகவும் இவ்வளவு அழகாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாமா? கை தன்பாட்டில் வளையத்தை வயரில் மாட்டிப் பூட்டியது. கண் மட்டும் கீழே வரவில்லை.

"முடிஞ்சுதா மிஸ்?"

"ம்... முடிஞ்சுது."

அங்கேதான் வினை பிறந்தது. அது அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் செய்ய வந்த வேலை பந்தியில் பரிமாறுகிற மாதிரித்தான். ஐஸ் பெக்டரி கூடக் கறண்ட் கேட்டால் ஆறு சார்ஜரும் கொஞ்சம் குறைத்து எடுக்கவேண்டும். பெக்டரி ஓய்ந்தால் சார்ஜர்கள் வயிறாரச் சாப்பிடலாம். அந்த வளையம் பெக்டரிப் பக்கத்தை அளந்து சொல்லும். மீதியை அவள் வைத்த கருவி தானே பங்குபோடும்.

ஆனால் நடந்ததோ தலைகீழ். பெக்டரியில் கொம்பிரசர் தொடங்கினால் போதும், நிலையம் முழுவதும் 'டக்' என்று அணைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவேண்டிய ஓட்டோக்கள் பாதிச் சார்ஜில் நின்றன. செங்கலடிக்கு ஆள் ஏற்றி ஹயர் போன ஓட்டோக்காரர் பதியுதீன் நானா திரும்பி வரும்போது ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பார்த்த பார்வையே போதுமாயிருந்தது.

மேனுகாவுக்கு நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. சோற்றுக்கு முன்னாலும் போன் திரைதான். திரை சொன்னது ஒன்றே ஒன்று... கொம்பிரசர் தொடங்குகிற நேரத்தில்தான் எல்லாம் அணைந்து விழுகிறது. அதையே அவள் மாமாவிடம் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்டார். மின்சாரக் கந்தோருக்கு முறைப்பாடு போனது. வெள்ளிக்கிழமை ஒரு ஐயா வந்து பார்ப்பார், எஞ்சினியரின் சொல்லைக் கேட்டு, ஐஸ் பெக்டரிக்கான கறண்டைப் பாதியாகக் குறைப்பதா என்று முடிவெடுப்பார்.

இதற்கிடையில் கொம்பிரசரைப் பார்க்கவென்று அவள் பெக்டரிக்குப் போய்வந்தாள். ஒருமுறை போனால் போதாதா? போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். அவன் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தருவான். "குத்தம் பிடிக்க வந்தவவுக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்பான். "குத்தத்தின்ட அளவுக்கு," என்பாள் இவள். அவன் தாய் டோறா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். தகப்பன் போன பிறகு அந்தப் பெக்டரிதான் தாய்க்கும் மகனுக்கும் எல்லாம்.

ஒருநாள் அவன் பகிடியை விட்டுவிட்டுச் சொன்னான்.

"மிஸ், பாதிக் கறண்டில ஐஸ் உறையாது. நீங்க வெள்ளிக்கிழமை சொல்றதுதான் எங்கட கதை."

அவள் ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். அவனுக்காகப் பொய் சொல்ல முடியாது. உண்மை என்று நினைப்பதைச் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்ய, என்ன செய்ய என்று வாவிக்கரையில் அங்கும் இங்கும் நடந்தாள்.

வியாழன் பின்னேரம், பொழுது படுகிற நேரம். வானம் கறுத்துக் கிடந்தது. வழக்கம்போலப் போனைப் பார்த்தாள். ஐஸ் பெக்டரி கறண்டை வெளியே அனுப்புகிறது என்று திரை காட்டியது. அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள்தான். பெக்டரிக் கூரையில் சோலார் இருக்கிறது, மிச்சத்தை அனுப்புகிறது என்று நினைத்து விட்டுவிட்டாள். ஆனால் இப்போது... சூரியனே இல்லையே?

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். வளையத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது பெக்டரியைப் பார்க்கவேண்டும். பார்க்கவில்லை. மறுபக்கம் திரும்பியிருந்தது. பெக்டரி எடுக்க எடுக்க, அது கொடுக்கிறது என்று கருவி நம்பியிருக்கிறது. நம்பி, சார்ஜர்களுக்கு இன்னும் அள்ளிக் கொடுத்திருக்கிறது. தாங்கமுடியாமல் நிலையம் விழாமல் என்ன செய்யும்?

மாட்டியவள் அவள். எந்த நேரத்தில் மாட்டினாள், கண் எங்கே இருந்தது என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வளையத்தைத் திருப்பி மாட்டினாள். கொம்பிரசர் தொடங்கியது. சார்ஜர்கள் ஆறும் பணிவாகக் குறைந்தன. ஒன்றும் விழவில்லை.

மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். சரிவந்திட்டுதானே, பிறகென்ன, வாயைத் திறக்காதே என்றார். பெக்டரிக்குக் குறைந்தால் நமக்குத்தானே லாபம். கொழும்புக்குத் தெரிந்தால் அவளைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், அவளையே அனுப்பும்படி கொம்பனியிடம் கேட்ட மாமாவின் முகத்தில் கரி.

"அவனுக்காண்டியா புள்ள யோசிக்கிறாய்? அவன்ட ஆக்கள் வேற, நம்மட ஆக்கள் வேற."

அவள் இரா முழுவதும் புரண்டாள்.

வெள்ளிக்கிழமை கந்தோர் ஐயா வந்தார். ஓட்டோக்காரர்கள் கூடி நின்றார்கள். பிரட்லி வெள்ளைச் சேட் போட்டு, முகம் வாடி, ஓரமாக நின்றான். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். மேனுகா முந்திக்கொண்டாள்.

"ஐயா, பெக்டரியில பிழை இல்ல. வளையத்த நான்தான் மறுபக்கமா மாட்டிட்டன். நேத்துத்தான் கண்டுபிடிச்சன். அவங்கட கறண்டக் குறைக்கத் தேவையில்ல."

எப்படிப் பிழை வந்தது என்று ஐயா கேட்டார். கவனம் பிசகிவிட்டது என்றாள். அவர் கொம்பிரசரைப் போடச் சொல்லிப் பார்த்தார், தலையாட்டினார், போனார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதியுதீன் நானா மட்டும், "பரவாயில்ல மிஸ், சொன்னீங்களே," என்றார்.

பிரட்லி? அவன் திரும்பிப் பாராமல் பெக்டரிப் பக்கம் நடந்துபோனான்.

அவளுக்கு உயிர் போனது. இவ்வளவு நாளும் அவனைக் குற்றவாளியாக்கியவள்... வெறுக்கத்தானே செய்வான்? பின்னாலேயே ஓடினாள். தோணி கட்டுகிற படியில் அவன் இருந்தான். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"கோவமா?"

"கோவம்தான். ஏன் முந்திக்கொண்டீங்க?"

"என்ன?"

அவன் வாவியைப் பார்த்தபடி சொன்னான். "பாதிக் கறண்ட் போதும், நான் சம்மதிக்கிறன் எண்டு அந்த ஐயாட்ட சொல்லத்தான் வந்தனான். உங்கட வேல சரிவராட்டிக் கொழும்புக்குக் கூப்பிட்டிருவாங்க எண்டு பதியுதீன் நானா சொன்னார்."

"பாதிக் கறண்டில ஐஸ் உறையாதே..."

"ஓம். உறையாது."

மேனுகா அப்படியே படியில் இருந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"விசரா உங்களுக்கு?"

"இரிக்கும்."

"நான் அந்த ஐயாட்டச் சொன்னது பாதிதான். கவனம் பிசகினது உங்களப் பாத்ததாலதான்... அண்டைக்குத் தொடக்கம் எனக்கு ஒரு வேலயும் ஒழுங்கா ஓடல்ல."

அவன் திரும்பினான். அந்தத் தேன் நிறக் கண்களில் இப்போது கோபம் மருந்துக்கும் இல்லை.

"கொழும்பில இருந்து கூப்பிட்டா?"

"ஏச்சு வாங்கிட்டுத் திரும்பி வாறன். மாமாட்ட நான் சொல்லுவன். நீங்க உங்கட அம்மாட்ட சொல்லுங்க."

"அம்மாட்ட முதலே சொல்லிட்டன்."

"எப்ப?"

"இண்டைக்குக் காலையில. பாதிக் கறண்டுக்கு என்னத்துக்குடா சம்மதிக்கப் போறாய் எண்டு கேட்டா. காரணம் சொல்லத்தானே வேணும்."

"என்ன காரணம் சொன்னீங்க?"

அவன் முதன்முறையாக மிஸ் என்பதை விட்டான்.

"மேனுகாவ விரும்புறன் எண்டன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நானும்தான்," என்றாள்.