ஒரு வரியைக் காணோம்!

“ஐயோ... என் மகளே!”

சின்னம்மாவின் அலறலில் டத்தோ கிராமாட் கிளினிக்கே அதிர்ந்தது.

ஊசி போட்ட சற்று நேரத்தில், அவள் மகள் குணவதி பிணமாகிக் கிடந்தாள். மாக் மண்டின் தொழிற்சாலையின் நீலச் சீருடைகூட மாற்றவில்லை. காலில் ஒரு சின்னக் காயம்... அதற்குத்தான் வந்திருந்தாள்!

“பென்சிலின் அவளுக்கு ஆகாதுன்னு போன தடவையே சொன்னேனே... நீதானே டைப் பண்ணே?”

சின்னம்மா பிடித்து உலுக்கியது புஷ்பராணியை. கிளினிக்கின் கிளார்க்.

“பண்ணேன் ஆன்ட்டி... சத்தியமா பண்ணேன்!”

டாக்டர் சிவகுருநாதன் புதுக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

அந்த வரியே இல்லை!

“இத நம்பித்தானே ஊசி போட்டேன்...” என்றார் அவர்.

அதன்பின் புஷ்பராணிக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே டைப் செய்தோமா? தன் விரல்களையே அவளால் நம்ப முடியவில்லை.

ஆறுதல் சொன்னவன் ஒருவன்தான். திருநாவுக்கரசு. கம்ப்யூட்டரை விற்ற கடையின் டெக்னீஷியன். எது காணாமல் போனாலும் ஓடி வந்து சரி செய்பவன்.

“அழாதீங்க லா. உங்க தப்பு இல்ல.”

“அப்போ யார் தப்பு?”

அவன் குனிந்து கம்ப்யூட்டர் ஒயரைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் குணவதியின் சாவை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் உள்ளே வந்தார்.

“நீங்க டைப் பண்ணது உண்மைம்மா. உள்ள வைரஸ் இருக்கு. அப்பப்போ ஒரு வரியத் தின்னுடுது.”

“எப்படி சார்? வெளி டிஸ்கெட் எதுவும் போட்டதே இல்லையே!”

“போட வேணாம். கடையிலேர்ந்து வர்றப்பவே கூட வந்திருக்கு.”

“அப்போ அந்தக் கடையில வாங்கின எல்லாத்துலயும்...?”

“பார்த்தாச்சு. எல்லாம் சுத்தம். உங்களோடது மட்டும்தான்!”

ஜெயராஜ் மெல்லத் திரும்பினார்.

“ஏன் தம்பி?”

திருநாவுக்கரசு கையிலிருந்த டூல் பையைக் கீழே வைத்தான்.

“கம்ப்யூட்டர் ஆர்டர் கொடுக்க இந்தப் புஷ்பராணிதான் எங்க கடைக்கு வந்தாங்க சார்... அன்னைக்கே மனசுல... அடிக்கடி ரிப்பேர் ஆனாத்தானே என்னைக் கூப்பிடுவாங்க? உயிர் போகும்னு நெனைக்கல சார்!”



அவனைப் பார்ப்பதற்காகவே ஏதாவது ரிப்பேர் ஆகாதா என்று எத்தனை காலை புஷ்பராணியும் ஏங்கியிருக்கிறாள்...!

விலங்கு பூட்டினார்கள். வாசலில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“கோப்பி குடிக்க வர்றியான்னு கேட்டிருந்தா வந்திருப்பேனே...” என்றாள் அவள். “கோப்பி குடிச்சு யாரும் சாக மாட்டாங்க லா!”