வெறும் வெளிச்சம்

பீடோரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலையில் காரை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு பவித்ரன் தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்துக்கு முன்னால் வந்து நின்றபோது மணி மூன்றரை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒட்டி ஒட்டி நின்ற ஆறு வீடுகளில் ஐந்துக்குக் கூரை இல்லை. கடைசி வீட்டு வாசலில் ஷர்மினி சாவியோடு காத்திருந்தாள்.

"வாங்கண்ணே. வழி சிரமமா இருந்துச்சா?"

"பரவால்லம்மா. கார்தான் கொஞ்சம் ஆட்டம் காட்டிருச்சு லா."

மூன்று மாதத்துக்கு முன் ஈப்போவில் அவளுடைய கல்யாணத்தைப் படம் பிடித்தவன் பவித்ரன். இன்றைக்கு வந்தது வேறு வேலைக்கு. அவளை வளர்த்த அத்தை கருப்பம்மாள் இறந்து பதினொரு நாள் ஆகிறது. லயத்தை இடிப்பதற்குள் அத்தை இருந்த வீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஷர்மினி போன் செய்திருந்தாள். ஏதாவது சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்ளத்தான் நினைத்தான். பாழாய்ப்போன வாய் 'சரிம்மா' என்று சொல்லித் தொலைத்துவிட்டது.

"அந்தப் படத்தக் கொண்டு வந்தீங்களா?" கதவைத் திறந்துகொண்டே கேட்டாள். "மேடையில அத்தையும் நானும் நின்னது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கணும். அதுக்கு வேற நல்ல படமே இல்லண்ணே. ஐ.சி. அட்டையில மூஞ்சியே தெரியல."

"தேடிக்கிட்டு இருக்கேம்மா. ரெண்டு மூனு கார்டுல கலந்து போச்சு."

பச்சைப் பொய். இதே பொய்யைப் போனில் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. நாக்குக்குப் பழகிவிட்டது, நெஞ்சுக்குத்தான் பழகவில்லை.

நடந்தது இதுதான். அன்றைக்குக் கருப்பம்மாள் கூச்சத்தோடு மேடையேறி வந்து மணப்பெண்ணின் பக்கத்தில் நின்றாள். ஷர்மினியின் அம்மா பிரமிளா கேமராவுக்குப் பின்னால் வந்து பவித்ரனின் காதைக் கடித்தாள். "தாலியறுத்தவங்க தம்பி. கல்யாண ஆல்பத்துல வேணாம். மனசு நோகாம அனுப்பிடுங்க."

மனம் நோகாமல் அனுப்புகிற வித்தை அவனுக்குத் தெரியும். ஃப்ளாஷ் விளக்கின் முதுகில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை மட்டும் அழுத்தினால் வெளிச்சம் அடிக்கும், கேமரா கண் திறக்காது. ஃபிலிம் காலத்துப் படக்காரர்கள் சுருளை மிச்சம் பிடிக்கச் செய்த தந்திரம். வெறும் வெளிச்சம் என்பார்கள்.

கருப்பம்மாள் அந்த வெறும் வெளிச்சத்துக்கு வாய் நிறையச் சிரித்தாள். அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். அந்தக் கும்பிடுதான் பதினொரு நாளாக அவனைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

வீட்டுக்குள் ஒரே ஓர் அறை, பின்னால் அடுப்படி. பலகைச் சுவரில் கண்ணாடி போட்ட பெரிய சட்டம் ஒன்று தொங்கியது. உள்ளே படம் இல்லை.

"பாருங்கண்ணே," என்றாள் ஷர்மினி. "அத்தை பீடோர்ல போயி ஃபிரேம் வாங்கி மாட்டி வச்சிருக்கு. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம், எம் புள்ளயோட நின்னு படம் எடுத்திருக்கேன், வந்துரும் வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம்."

பவித்ரன் கேமரா பையைத் திறப்பது போலக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் பாத்திரங்களைக் கட்டி வைக்க அடுப்படிக்குப் போனாள். அவன் கேமரா முக்காலியை விரித்தான். சின்ன அறை என்பதால் அகலமாகப் பார்க்கும் லென்ஸை மாட்டினான். ஃப்ளாஷை வேண்டுமென்றே ஈப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தான். அதைத் தொடவே கை கூசியது. ஜன்னலில் மிச்சமிருந்த மழை வெளிச்சம் கொஞ்சம்தான். ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால் சமாளிக்கலாம்.

சுவரைப் பார்த்து முதல் படத்தை எடுத்தான்.

திரையில் பார்த்தவனுக்குப் புரியவில்லை. அறை மங்கலாக அல்லவா வந்திருக்க வேண்டும்? ஃப்ளாஷ் அடித்தது போலச் சுவர் பளிச்சென்று இருந்தது. அந்த வெளிச்சத்தில், சட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் நிழல் விழுந்திருந்தது. கொண்டை, சரிந்த தோள், முந்தானை.

ஆள் இல்லை. நிழல் மட்டும்.

நிமிர்ந்து பார்த்தான். வெறும் சுவர். அடுப்படியில் ஷர்மினி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

லென்ஸைத் துடைத்தான். மறுபடி எடுத்தான்.

நிழல் கூரையைத் தொட்டது.

வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வர வர, ஆளின் நிழல் சுவரில் பெரிதாகும். படக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிழல் வளரவில்லை. அவள் நடந்து வருகிறாள்.

கேமராவை நோக்கி.

இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. ஆனாலும் அறைக்குள் ஒட்டுப்பால் வாடை எழுந்தது. பால்வெட்டுக்காரர்களின் துணியிலும் கையிலும் ஊறிப்போய்க் கிடக்கும் அந்தப் புளித்த வாடை. அவன் விரல் தானாகவே மூன்றாவது முறை அழுத்தியது.

திரை முழுக்கக் கறுப்பு.

வாடை இப்போது அவன் முகத்தில் இருந்தது.

"ஷர்மினி," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அந்தப் படத்த நான் எடுக்கவே இல்லம்மா."

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அடுப்படி வாசலுக்கு வந்தாள். "கார்டு கெட்டுப்போச்சா?"

"இல்ல. எடுக்கற மாதிரி ஏமாத்துனேன். லைட்ட மட்டும் அடிச்சேன்."

"ஏண்ணே?"

"தாலியறுத்தவங்க ஆல்பத்துல வேணாம்னாங்க. நானும் மண்டைய ஆட்டிட்டேன்."

"யாரு சொன்னது? அம்மாவா?"

"யாரு சொன்னா என்னம்மா. அமுக்குனது என் விரலு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் அந்த வெற்றுச் சட்டத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அதன் கீழே நின்றாள். இடப்பக்கம் ஓராள் இடம் விட்டாள். இடது கையை நீட்டி, அந்த வெற்று இடத்தை அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இப்ப எடுங்க."

"வேணாம்மா. வா, வெளிய போயிடலாம்."

"எடுங்கண்ணே."

அவன் முகத்திலிருந்த வாடை விலகியது. சுவர்ப்பக்கம் போனது.

ஷர்மினியின் கண்ணில் ஃபோகஸ் வைத்தான். இத்தனை வருடத் தொழிலில் ஒரு படம் நன்றாக வர வேண்டும் என்று இவ்வளவு கெஞ்சியதில்லை அவன் மனம். அழுத்தினான்.

பளீரென்று வெளிச்சம் அடித்தது.

ஃப்ளாஷ் இல்லாத அறையில்.

ஷட்டரின் சத்தம் கேட்கவில்லை. திரையில் எதுவும் ஏறவில்லை. மறுபடி அழுத்தினான். வெளிச்சம் அடித்தது. படம் இல்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டான், கார்டை மாற்றினான், அழுத்தினான். வெளிச்சம். படம் இல்லை.

"நல்லா வந்துருச்சா அண்ணே?"

வந்துருச்சும்மா என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா," என்றான் அழுதுகொண்டே. "வர மாட்டேங்குது."

ஷர்மினி கையை இறக்கவில்லை. எங்கிருந்தோ வந்த குளிரில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன.

"பரவால்ல, இன்னொன்னு எடுங்க," என்று கிசுகிசுத்தாள். "அத்தை இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு."

அவளுடைய வலது தோளில், சட்டைத் துணி நான்கு விரல் பதிந்தது போல அழுந்தியிருந்தது.