கால்குலேட்டருக்குள் ஒரு சந்தை

திங்கட்கிழமை. காலை 10.10.

கள்ளக்குறிச்சி சைபர் கிரைம் பிரிவில், தங்கமணி தன் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். குழந்தையைத் தூங்கவைப்பதுபோல அத்தனை மெதுவாக. வடக்கனந்தல் அங்கன்வாடியின் பணியாளர் அவள். வயது முப்பத்திரண்டு.

“இன்னா சொல்றதுன்னே தெரியல மேடம். போன்ல இருந்த நம்பரெல்லாம் திருட்டு போயிடிச்சு.”

எஸ்.ஐ. விஜயலட்சுமி போனைத் திருப்பினார். வந்திருந்த செய்தி சுத்தமான தமிழில் இருந்தது.

‘வணக்கம். நீங்கள் பயன்படுத்தும் செயலியை இன்று மாலை ஐந்து மணிக்குள் அழித்துவிடுங்கள். தவறினால் உங்கள் தாய், மாமியார், பாட்டி ஆகியோருக்குத் தெரிவிக்கப்படும்.’

“எந்தச் செயலி?”

தங்கமணி தரையைப் பார்த்தாள். “அந்த மாதிரி ஆப்புங்க இருக்கிற கடைலேர்ந்து ஏத்துனது. ஆனா இது அந்த மாதிரி இல்ல மேடம்.”

“கடை எங்க?”

“கால்குலேட்டர் மேடம்.”

பக்கத்தில் நின்ற காவலர் வீரமணி உதவிக்கு வந்தார். தங்கமணியின் போனில் கால்குலேட்டரைத் திறந்து, பதினெட்டு அடித்து, சமக்குறியைத் தட்டினார். திரை புரண்டது. ‘மல்லிச் சந்தை’ திறந்தது.

“உங்களுக்கு எப்படித் தெரியும் வீரமணி?”

வீரமணிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

விஜயலட்சுமி விரலால் தள்ளிக்கொண்டே போனார். முடியவேயில்லை. பெரிய கம்பெனிக் கடைகள் வாசலிலேயே துரத்திவிட்ட செயலிகள் எல்லாம் இங்கே குடியேறியிருந்தன. விளையாட்டு, படக்கதை, அரட்டை, பார்த்தவுடன் மூடிவிடத் தோன்றும் பலதும். எந்த நாட்டில் யார் நடத்துகிறார்களோ தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் லட்சக்கணக்கில் இறக்கியவர்கள். ஊரில் ஒருவர் வாயிலும் இதன் பெயர் வருவதில்லை, ஆனால் கூட்டமோ தேர்த்திருவிழாக் கூட்டம். பதினோரு வருடப் போலீஸ் வேலையில் இப்படி வாய் பிளந்தது அவருக்கு இதுவே முதல் தடவை.

தங்கமணி காட்டிய செயலியின் பெயர் ‘கதவு சாத்திய பின்’. 212 ஒலிப்பதிவுகள். அறுபத்தோராயிரம் பேர் கேட்கிறார்கள்.

“எவ்வளவு பணம் கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கல மேடம். அழிக்கத்தான் சொல்றான். இதுல பாட்டிக்கு வேற சொல்வானாம். எங்க ஆயா செத்து பத்து வருசம் ஆவுது.”

விஜயலட்சுமி தொடர்பு எண்களைப் பார்த்தார். அத்தை. அம்மா. அரிசி மண்டி. ஆயா. இசைவாணி நர்ஸ்.

“இந்த இசைவாணி?”

“கரியாலூர் நர்ஸ். எங்க சென்டருக்கு வாராவாரம் தடுப்பூசி போட வந்துக்கினு இருந்தாங்க. ஆப்பு அவுங்களுதுதான். அவுங்க பேரு வெளிய வரக்கூடாது மேடம். வேலையே பூடும்.” எழுந்துகொண்டாள். “நான் கெளம்பட்டுமா? ஆயாகிட்ட புள்ளைங்கள உட்டுட்டு வந்திருக்கேன்.”

அன்று காலையில் இது நான்காவது புகார். மற்ற மூன்றில் இரண்டு அழுகை. மூன்றாவது, திருக்கோவிலூரிலிருந்து தனுஷா என்ற பெண் அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல்: ‘இவனைப் பிடியுங்கள். நான் அழிக்கப்போவதில்லை, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று அவனுக்கும் பதில் போட்டுவிட்டேன்.’

துணிச்சல்காரி என்று நினைத்துக்கொண்டார் விஜயலட்சுமி. மற்ற அறுபதாயிரம் பேருக்கும் அந்தத் துணிச்சல் இருக்குமா? ஐந்து மணி அடித்தால் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் அடி வாங்குவார்களோ. அதை நினைத்ததும் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை.

காலை 10.50. ஜீப் கல்வராயன் மலையேறியது.

வழியெல்லாம் அந்தச் செயலியைக் கேட்டார். பெண் குரல் ஒன்று கேள்வி கேட்கும். ஆண் குரல் பதில் சொல்லும். ஒவ்வொரு பதிலும் ‘பயப்படாதீங்க’ என்றுதான் தொடங்கும். முதலிரவு வலி, பிரசவத்துக்குப் பிறகு வரும் வெறுப்பு, வேண்டாம் என்று கணவனிடம் சொல்வது எப்படி. யாரிடமும் கேட்க முடியாமல் விழுங்கிய கேள்விகள் அத்தனையும் அங்கே இருந்தன. நாற்பத்தொன்றாம் பதிவில், ‘குழந்தை இல்லையே என்று உங்கள் பாட்டி சொல்வதற்காக அவசரப்படாதீர்கள்’ என்றது அந்தக் குரல்.

தன் கல்யாணத்தின்போது இது இருந்திருந்தால் என்று நினைத்த விஜயலட்சுமி அந்தப் பதிவை மறுபடியும் ஓடவிட்டார். வீரமணி பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். அவருக்கு எல்லாப் பதிவும் மனப்பாடம் என்பதை அவர் சொல்லாமலே தெரிந்துகொள்ள முடிந்தது.

பகல் 12.30. கரியாலூர்.

இசைவாணி நாற்பது வயதுக்காரி, மலையிலேயே பிறந்தவள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

“ஏன் அந்தச் சந்தைல போட்டீங்க?”

“பெரிய கடைங்க எடுக்கல மேடம். அசிங்கம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அசிங்கத்துக்கு நடுவுலயாவது கெடக்கட்டும், வேணுங்கறவங்க தேடி எடுத்துக்குவாங்கன்னு போட்டேன்.”

“நம்பரைத் திருடினது புதுசா வந்த அப்டேட்தான். அதைப் போட ரகசியச் சாவி வேணுமே. யார் யார்கிட்ட இருக்கு?”

“மூணு பேருதான். நானு. ஆப்பு செஞ்ச பிரவீன்குமாரு, மதுரைக்காரு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட ஸ்டுடியோ வெச்சிருக்காரே செழியன், ரெக்கார்டிங்கு அவருதான். ஆம்பள கொரலும் அவருதுதான். சந்தைக்கு ஏத்தறதும் அவருதான்.”

“மூணு பேருக்குள்ள சண்டை?”

“சண்ட இன்னா சண்ட. தன் கொரல எடுத்துட்டு வேற ஆள போடச் சொன்னாரு செழியன், போன மாசம். 212ஐயும் திருப்பிப் பேசறது ஜாஸ்தி வேல. வாணாம்னுட்டேன்.”

அவள் எழுதிய நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பதினாறு நோட்டு. ஒன்பது வருடமாக மலையிலும் தரையிலும் பெண்கள் காதோடு காதாகக் கேட்ட கேள்விகள். விஜயலட்சுமி ஒவ்வொரு நோட்டையும் கோயில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். நாற்பத்தொன்றாம் பதிவுக்குரிய பக்கம் வந்தது.

‘உங்க ஆயா சொல்றாங்கன்னு அவசரப்படாதீங்க.’

“ஆயாவா?”

“ஆமா, பாட்டி. என் எழுத்து இந்த ஊரு பேச்சா இருக்கும். வூடுன்னு எழுதுனா செழியன் வீடும்பாரு. எல்லாத்தையும் சுத்தத் தமிழாக்கித்தான் பேசுவாரு. பயப்படாதீங்க மட்டும்தான் அப்டியே உட்டுட்டாரு.”

விஜயலட்சுமி எழுந்தார். சிக்னல் இருந்த மேட்டுக்குப் போய் பிரவீன்குமாருக்கு ஒரே ஒரு கேள்வி.

“பாட்டியை உங்க வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?”

“அம்மாச்சிங்க. ஏன் மேடம்?”

“ஆயான்னா?”

“ஸ்கூல்ல பிள்ளைகளப் பாத்துக்குவாங்களே, அவங்க.”

பிற்பகல் 3.50. செழியனின் ஸ்டுடியோ.

முப்பது வயது. நெற்றியில் விபூதி. மேஜையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

“கல்யாணமா?”

“ஆமாங்க மேடம். அடுத்த மாசம். திருக்கோவிலூர்ல பொண்ணு.”

“நான் திருநெல்வேலி. உங்க ஊர்ப் பேச்சு எனக்கு ஓடமாட்டேங்குது. இந்த வாக்குமூலத்தை நல்ல தமிழ்ல எழுதித் தாங்களேன்.”

துண்டுச்சீட்டில் ஒரு வரி: ‘ஆயாகிட்ட புள்ளைங்கள உட்டுட்டு வந்தேன்.’

செழியன் யோசிக்காமல் எழுதினான். ‘பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தேன்.’

“தப்பு” என்றார் விஜயலட்சுமி. “இதைச் சொன்ன தங்கமணிக்குப் பாட்டி செத்து பத்து வருஷமாச்சு. அவங்க போன்ல இருக்கிற ஆயா, அங்கன்வாடி ஆயா. திருட்டுப் பட்டியல்ல அந்தப் பேரைப் பார்த்துப் பாட்டின்னு யார் மாத்துவாங்க? சந்தைக்காரனா? அவனோட மொழிபெயர்ப்பு மெஷினுக்கு ஆயான்னா செவிலிப்பெண். பிரவீன்குமாருக்குப் பள்ளிக்கூட ஆயா. வாராவாரம் அங்கன்வாடிக்குப் போன இசைவாணிக்கு அந்த ஆயா, பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்ச ஆள். மிச்சம் நீங்க. பாட்டியை ஆயான்னு கூப்பிட்டு வளர்ந்து, எழுதும்போது மட்டும் சுத்தம் பண்ற கை உங்க கை.”

“மேடம், இந்த ஜில்லாவே ஆயான்னுதான் கூப்பிடும்.”

“ஜில்லாகிட்ட சாவி இல்லையே. இன்னொண்ணு. மிரட்டினவன் காசு கேக்கல, அழிக்கத்தான் சொல்றான். செயலி அழிஞ்சா யாருக்கு லாபம்? அதுல மாட்டிக்கிட்டு முழிக்கிற குரலுக்கு. கம்ப்யூட்டரைத் திறங்க.”

வீரமணி திறந்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் போனில் எந்தப் பெயர் இருந்தால் செய்தியில் எந்தச் சொல் விழவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தான். அம்மா என்றால் தாய். அத்தை என்றால் மாமியார். ஆயா என்றால் பாட்டி.

செழியன் நாற்காலியில் சரிந்தான்.

“யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டேன் மேடம், சத்தியமா. சும்மா பயங்காட்டுனேன். சந்தைலேர்ந்து நானே எடுத்தாலும் அவுங்கவுங்க போன்ல இருக்கறது போவாதே. மாமனார் வூட்ல யாராவது கேட்டுட்டா என் மூஞ்சில முழிப்பாங்களா? இதெல்லாம் பேசுனவன்னு தெரிஞ்சா எவ கட்டிக்குவா?”

“அந்தப் புரோகிராமை நிறுத்துங்க. இப்பவே.”

மாலை 4.25. திருடிய பட்டியல் அழிந்தது. ‘மிரட்டியவன் பிடிபட்டான், யாருக்கும் எதுவும் போகாது’ என்ற செய்தி அறுபத்தோராயிரம் பேருக்கும் போனது. வழக்கில் இசைவாணியின் பெயர் ‘புகார்தாரர்களுள் ஒருவர்’ என்று மட்டும் பதிவானது. விஜயலட்சுமிக்குச் சட்டமும் தெரியும், ஆபாசத்துக்கும் வைத்தியத்துக்கும் வித்தியாசமும் தெரியும்.

பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். மணமகள் பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மின்னஞ்சலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, ஒலிபெருக்கியைப் போட்டார்.

“தனுஷாவா? நீங்க சொன்ன ஆளைப் பிடிச்சாச்சும்மா. உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். ‘பயப்படாதீங்க’ குரல்காரர்.”

செழியன் தலை நிமிர்ந்தான்.

“அந்தக் கொரலு அவுருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்” என்றாள் தனுஷா. “பொண்ணு பாக்க வந்தப்ப என் கையில காபித் தட்டு ஆடிச்சு. ‘பயப்படாதீங்க’ன்னாரு. ரெண்டு வருசமா காதுல கேட்ட கொரலாச்சே. அதுக்காகத்தான் சரின்னேன்.”

வீரமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவுருகிட்ட குடுங்க மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். கேளும்மா.”

“ஊருக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. நாங்க பயப்படல. நீங்க இன்னாத்துக்குப் பயந்தீங்க?”